கித்தேரி அளந்த கடல்

நெடுந்துறையில் கடல் குறைந்துபோன வருஷம், வெங்காயம்தான் கனத்துவிட்டது என்று முதலில் எல்லோரும் நினைத்தோம். கொழும்புக்குப் பாய்த்தோணி ஓடிய காலம் அது. வழக்கமான வெங்காய மூட்டைகளோடு கிளம்பிய தோணிகள் முகத்துவாரத்து மணல்திட்டில் அடி உரசி நின்றன. தோணியை நடத்துகிற தண்டல்மார் அப்போதுதான் வாங்கிய புதுக் கயிற்றை விட்டுப் பார்த்தார்கள், கயிறு எப்போதும்போல இரண்டு பாகம் காட்டியது. மணல்திட்டில் தண்ணீர் இரண்டு பாகம், துறைப்பாலத்து முனையில் நான்கு பாகம், சங்கு எடுக்கிற கடலடிப் பாரில் எட்டுப் பாகம் என்பதெல்லாம் எங்கள் ஊரில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டாத சங்கதிகள், ஜெபம் மறந்தவனுக்குக்கூட அந்த மூன்று எண்கள் மறக்காது. ஆகவே கடல்மேல் குற்றமில்லை, கயிற்றின்மேல் குற்றமில்லை, மரத்தோணிக்குத் திடீரென்று வயிறு பெருக்காது, மிச்சமிருந்தது வெங்காயம்தான். மேற்கே அந்த வருஷம் மழை கூடுதல், தண்ணீர் குடித்துக் காய் பெருத்துவிட்டது என்று தோணி முதலாளிகள் கூடிப் பேசி, ஆயிரம் மூட்டை ஏற்றுகிற தோணியில் எண்ணூறு ஏற்றினார்கள், தோணியும் திட்டைத் தாண்டிப் போயிற்று.

கயிற்றைச் சந்தேகப்பட எங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்றால், அது கித்தேரி அளந்த கயிறு.

கஸ்பார் மிராந்தாவின் கப்பல் சாமான் கடைக்குள் நுழைந்தவன் வேறு எங்கும் போகாமல் ஒரு தோணியைக் கடலுக்கு அனுப்பிவிடலாம். கொச்சிக் கயிறும் கீலும் குங்கிலியமும் பாய்த்துணியும், கப்பியும் செப்பாணியும் நங்கூரச் சங்கிலியும், தண்ணீர்ப் பீப்பாயும் அரிசியும் புளியும் கருப்பட்டியும், காற்றில் அணையாத விளக்கும் அந்த விளக்குக்குத் திரியும், இவை எல்லாம் இருந்தும் பயப்படுகிறவனுக்கு மாதா படமும் அங்கே கிடைக்கும். அந்தக் கடையில் கயிறு அளக்க முன்பு ஓர் இரும்புக் கம்பி இருந்தது. உப்புக்காற்றில் இரண்டு முனையும் துருவேறி உதிர்ந்து, எவ்வளவு உதிர்ந்தது என்று யாருக்கும் தெரியாமல் தினமும் சண்டையாகி, கடைசியில் கம்பி நன்றாக இருந்த நாளில் வெட்டிவைத்த ஒரு பாகக் கயிற்றை எடுத்துக்கொண்டு ஊரில் எல்லோருடைய கையையும் விரிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு கையையும் அகல விரித்தால் இந்த நடுவிரல் நுனியிலிருந்து அந்த நடுவிரல் நுனிவரை ஒரு பாகம், சாண் போட்டால் எட்டுச் சாண். பதினெட்டு வயதுக் கித்தேரியின் கை ஒரு நெல் கூடாமல், ஒரு நெல் குறையாமல் அந்தக் கயிற்றோடு பொருந்தியது. இரும்பு துருப்பிடிக்கும், கித்தேரி துருப்பிடிக்க மாட்டாள் என்று சொல்லி அன்றைக்கே கம்பியைக் கொல்லனிடம் போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் எங்கள் கரையிலிருந்து போன ஒவ்வொரு கயிறும் அவள் மார்பின் குறுக்கே ஓடிப் போனதுதான். மற்ற ஊர்க் கடைகளில் கயிறு அளக்கிறவர்கள் முழங்கையைத் தெரியாமல் மடக்குவார்கள், பாகத்துக்கு நான்கு விரல் கடைக்கு மிச்சமாகும்; கித்தேரி ஒரு நாளும் மடக்கியதில்லை. முதல் பாகத்தை ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லி ஆரம்பிப்பாள், பிறகு இரண்டு, மூன்று என்று போவாள், நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். ஆழம் பார்க்கிற கயிறு என்றால் இன்னும் கண்டிப்பு. பாகத்துக்கு ஒரு சிவப்புத் துணி முடிச்சுப் போட்டு, நுனியில் ஈயக்குண்டு கட்டி, கடையிலிருந்து தானே தூக்கிக்கொண்டு துறைப்பாலத்து முனைக்குப் போய்த் தண்ணீரில் ஒருமுறை இறக்கிப் பார்ப்பாள்; நான்காவது முடிச்சு நனைந்து நின்றால்தான் கயிறு கைமாறும். ஊர் மதிக்கிற அளவுக்கு அவளும் தெருவில் நிமிர்ந்துதான் நடப்பாள். கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லையென்று சொன்னால் அது பொய்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், கஸ்பார் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பரணில் ஏறிக் கயிற்றுச் சுருளை இறக்கப் போனாள். சுருள் சரிந்தது, அவளும் சரிந்தாள், இடது முழங்கை நங்கூரத்தின்மேல் விழுந்தது. சத்தம் போடாமல் எழுந்து, கையை முந்தானைக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டு, தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு என்று கஸ்பாரிடம் சொல்லும்படி தெருவில் ஒரு பையனிடம் சொல்லிவிட்டு, பனங்காட்டுக்குள் எட்டு மைல் தள்ளி இருந்த எலும்பு வைத்தியரிடம் போனாள். உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நாற்பது நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் முழங்கை விரிய மறுத்தது. விரித்து அளந்து பார்த்தாள். அவளுடைய பாகத்தில் ஒரு சாணைக் காணோம்.

அவள் புருஷன் எஸ்தாக்கி, ‘சலேத் மாதா’ தோணிக்குத் தண்டல், புரட்டாசியிலேயே கொழும்புக்குப் போய்விட்டான். அங்கிருந்து மாலத்தீவு, அங்கிருந்து கொச்சி, திரும்பக் கொழும்பு, வைகாசியில்தான் ஊர். பிள்ளையில்லாத வீடு. இந்தக் கையும் இல்லையென்று ஆனால் தன்னை நிமிர்ந்து பார்க்க ஊருக்கு வேறு என்ன காரணம் இருக்கிறது என்று அவள் யோசித்தாள். முழுக்கைச் சட்டை இரண்டு தைத்துப் போட்டுக்கொண்டு, மார்கழி பிறந்ததும் கடைக்கு வந்து, ஒன்றும் நடக்காததுபோலக் கயிற்றை எடுத்தாள்.

முதலில் வந்தது ஆழம் பார்க்கிற கயிறுதான். அளந்தாள், முடிச்சுப் போட்டாள், ஈயக்குண்டு கட்டினாள், தூக்கிக்கொண்டு பாலத்து முனைக்கு நடந்தாள். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சாண் களவு போன கயிறு, நான்கு பாகத் தண்ணீரில் நான்கரையைத் தாண்டிக் காட்ட வேண்டும். காட்டும், கூட நிற்கிற தண்டல் கேட்பான், எல்லாம் இங்கேயே முடியும் என்று தெரிந்துதான் நடந்தாள். குண்டை இறக்கினாள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் அது தரை தட்டியது அவள் விரலுக்குத் தெரிந்தது. நான்காவது சிவப்புத் துணி நனைந்து நின்றது.

தண்ணீர் பாலத்துக் காலில் எந்தப் பாசிக்கோட்டில் நிற்குமோ அதே கோட்டில்தான் நின்றது. அடித்தரைதான் எழுந்து வந்திருந்தது. இருபத்தைந்து வருஷம் தன்னைச் சரியாக அளந்தவளைக் கடல் நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை, அவ்வளவுதான். அவள் கை எவ்வளவு சுருங்கியதோ அவ்வளவு தானும் சுருங்கிக்கொண்டது. கித்தேரிக்கு நன்றி வரவில்லை, வெட்கம்தான் வந்தது. சந்தையில் காசில்லாமல் நிற்கும்போது அறிமுகமில்லாத ஒருவர் நமக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு நகர்வாரே, அப்படி இருந்தது அவளுக்கு.

கடல் ஏதோ ஓர் இடத்தில் மட்டும் குறையவில்லை. பாகத்துக்கு ஒரு சாண் வீதம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை குறைந்தது. மணல்திட்டில் இரண்டு சாண், பாலத்தில் நான்கு சாண், சங்குப் பாரில் எட்டுச் சாண். ஆழக்கடலில் எத்தனை என்று யாரும் பார்க்கவில்லை. வெங்காயத்தைத் திட்டி முடித்த கொஞ்ச நாளில் பழைய ஆழக்கயிறு வைத்திருந்த தண்டல்மாருக்கு ஒரு சங்கடம் வந்தது. பழைய கயிறு பாலத்தில் மூன்றரை காட்டியது, புதுக் கயிறு நான்கு காட்டியது. எந்தக் கயிறு சரி என்று எங்கள் ஊர்க்காரன் ஒரு நிமிஷம்கூடக் குழம்பவில்லை. பழசு தண்ணீரில் ஊறி ஊறி இழுபட்டுவிட்டது என்று ஒவ்வொருவராகக் கடைக்குக் கொண்டுவந்து கித்தேரியிடம் கொடுத்து, மறுபடி அளந்து முடிச்சுப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் தன் கையாலேயே பழைய முடிச்சுகளை அவிழ்த்தாள். சரியான கயிறுகள் இப்படி ஒவ்வொன்றாகத் தப்புக் கயிறுகளாகி, தைப்பொங்கல் சமயத்தில் ஊரில் ஒரு சரியான கயிறுகூட மிச்சமில்லை.

கெட்டது மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது. சங்கு எடுக்கிற குளியாட்களுக்கு அந்த வருஷம் திருவிழாதான். காலில் கல்லைக் கட்டி எட்டுப் பாகம் இறங்கி, மூச்சு முட்டுவதற்குள் அகப்பட்டதைப் பையில் போட்டு, காது கிழிய மேலே வருகிறவர்கள் அவர்கள். இப்போது எட்டுச் சாண் குறைந்ததில், முழுசாக ஒரு பாகம் இறங்குகிற வேலை மிச்சம். கீழே நின்று நல்ல சங்கு எது, சொத்தைச் சங்கு எது என்று புரட்டிப் பார்க்க நேரம் இருந்தது. மேலே வந்த பிறகும் நெஞ்சில் கொஞ்சம் மூச்சு மீதி இருந்தது, அதை என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்தார்கள். அவர்களில் லாசர் என்று ஒருவன், முப்பத்திரண்டு வயதில் இரண்டு காதிலும் சீழ் கட்டி இனி இறங்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பப்பட்டவன், அந்த மாசியில் மறுபடி இறங்கினான். மூன்று மகள்கள் அவனுக்கு. தினமும் மேலே வந்ததும் வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு பைத்தியக்காரன்போலச் சிரிப்பான்.

சர்க்காரிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆழம் பார்க்க வருகிறவர்கள் வந்து, தங்கள் சங்கிலியை இறக்கிப் பார்த்து, மண் மேவியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். பங்குனியில் மண்வாரிக் கப்பல் ஒன்று வந்தது. ஒன்பது நாள் திட்டை வாரினார்கள். பகலில் வாரிய இடம் விடியும்போது பழையபடி எழுந்து நிற்கும். பத்தாம் நாள் அவர்கள் தலைவர் கரைக்கு வந்து நான்கு இளநீர் குடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டார். வாரிய மணல் கோயிலுக்குத் தெற்கே மலையாகக் கிடந்தது, அதை நிரவிப் பையன்கள் பந்தாடத் தொடங்கினார்கள்.

அதற்குள் எங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பனங்காட்டு வைத்தியரின் மனைவி பதநீர் விற்க வந்த இடத்தில், உங்கள் ஊர் அளவுக்காரிக்குக் கை இப்போது தேவலையா என்று யாரிடமோ கேட்டுவைத்தாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவி, வெங்காயத்துக்கும் பழைய கயிற்றுக்கும் மண்வாரிக் கப்பலுக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பதில் கிடைத்தது. கித்தேரியிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடலே வாயை மூடிக்கொண்டு அவளுக்கு அனுசரணையாகப் போகும்போது, நாம் என்ன பெரிய மனிதர்கள் என்று வாய் திறப்பது? அவள் கயிறு அளக்க நின்றால் கடையில் இருக்கிறவர்கள் பரணைப் பார்ப்பார்கள், தராசைப் பார்ப்பார்கள், தங்கள் கால் நகத்தைப் பார்ப்பார்கள். கோயிலில் அவள் இடதுபக்கம் உட்காருவதைப் பெண்கள் தவிர்த்தார்கள், தெரியாமல் கை பட்டுவிட்டால் பார்த்ததாக ஆகிவிடுமே என்று.

ஒருமுறை வடக்கே இருந்து கயிறு வாங்க வந்த ஒரு மரைக்காயர், அவள் அளப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்தக் கையி…" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், நான்கு பேர் அவரைத் தோளோடு தழுவி டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"கையில என்ன கோளாறுன்னுதானே கேக்க வந்தேன்" என்றார் அவர், மூன்றாவது டீயில்.

"எந்தக் கையில?" என்று கேட்டார் கஸ்பார்.

மரைக்காயர் சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தார். நல்ல வியாபாரி, புரிந்துகொண்டார். "என் கையிலதான், ரெண்டு நாளா உளைச்சல்" என்று சொல்லிவிட்டு நான்காவது டீயையும் குடித்தார்.

எல்லாவற்றிலும் பெரிய தப்பு ஒன்று இந்த மரியாதையில்தான் நடந்தது. எஸ்தாக்கி தண்டலுக்கு எதுவும் தெரியாது. அவன் கடல் குறைவதற்கு முன்னால் போனவன். முழுப் பாரம் ஏற்றிய சலேத் மாதா தண்ணீருக்குள் பதினைந்து சாண் அமிழும், மணல்திட்டில் தண்ணீர் பதினாறு சாண் என்ற நினைப்பில்தான் திரும்பி வருவான். இப்போது திட்டில் இருப்பது பதினான்கு. கொழும்பு ஏஜென்ட் விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டால் போதும், பாரத்தைக் குறைத்து ஏற்றிக்கொள்வான். கித்தேரி மூன்று கடிதம் எழுதினாள், தங்கச்சி பிள்ளைக்குப் பெயர் வைத்ததையும் வேலி சாய்ந்ததையும் எழுதினாள், கையைப் பற்றி எழுதப் பேனா வரவில்லை. கடல் குறைந்ததை மட்டுமாவது தோணி முதலாளிகள் எழுதியிருப்பார்கள் என்று இருந்தாள். புருஷனுக்குப் பெண்டாட்டி எழுதாமலா இருப்பாள், நாம் எழுதினால் அவள் விஷயத்தில் தலையிட்டதாகும் என்று தோணி முதலாளிகள் இருந்தார்கள். கொழும்புக்கு யாரும் எழுதவில்லை, அங்கே போய்வந்த தோணிக்காரர்களும் அப்படியே நினைத்து வாயைத் திறக்கவில்லை.

வைகாசி இரண்டாம் வாரம், மத்தியானம் மூன்று மணிக்கு, சோழகம் என்கிற தென்காற்று ஊதி எடுத்துக்கொண்டிருந்தபோது, தெற்கே பாய் தெரிந்தது. பின்பாயில் பழுப்பு ஒட்டுப் போட்ட தோணி எங்களிடம் ஒன்றுதான் உண்டு. சலேத் மாதா, வயிறு நிறைய ஏற்றிக்கொண்டு, விளிம்புவரை தண்ணீரில் அமிழ்ந்து, காற்று முதுகில் தள்ள வந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றில் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது, ஒரே வழி திட்டைத் தாண்டி உள்ளே வருவதுதான். அவனுடன் பதினொரு பேர்.

வள்ளம் இரண்டு இறக்கினோம். இரண்டையும் அலை தூக்கி எங்கள் காலடியிலேயே வைத்தது. ஆண்கள் வேட்டியை அவிழ்த்துப் பாலத்தில் நின்று ஆட்டினார்கள். ஊரே திரண்டு வரவேற்கிறது என்று நினைத்துத் தோணியில் இருந்தவர்களும் தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டினார்கள்.

கஸ்பார் மிராந்தா ஓர் ஆழக்கயிற்றை எடுத்துக்கொண்டு பாலத்து முனைக்கு ஓடினார். குண்டை இறக்கிப் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் தண்ணீரிடம் பேசினார்: "தாயே, எல்லாம் எங்களுக்குத் தெரியும். அவ கை கோணிப் போச்சி, ஒரு சாண் குறைச்சல். நீ எங்களுக்காவ மறைக்க வேண்டாம். பழையபடி ஆயிரு." நான்காவது முடிச்சு அசையவில்லை. ஊர் சொல்வதைக் கடல் எப்போது கேட்டிருக்கிறது?

அப்போதுதான் கித்தேரி அவருக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்தோம். கஸ்பார் சொன்னதை முழுக்கக் கேட்டிருந்தாள்.

"தெரியுமா அண்ணாச்சி?" என்றாள்.

கஸ்பார் கயிற்றைப் பார்த்துக்கொண்டே, "பங்குனியிலயே தெரியும்" என்றார்.

"எல்லாத்துக்குமா?"

நாங்கள் வழக்கம்போலக் கால் நகத்தைப் பார்த்தோம். அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். முகம் கறுத்துவிட்டது. யாருக்கும் தெரியாது என்று நினைத்து இத்தனை மாதம் அவள் அனுபவித்ததெல்லாம் எங்கள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் அனுபவித்தது என்று ஆகிவிட்டது அல்லவா. பிறகு முன்னே நடந்தாள். லாசர் குறுக்கே வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் மற்றக் குளியாட்களும் நின்றார்கள்.

"அக்கா, சொல்லாதிய" என்றான். "நீங்க வாய் தொறந்து சொன்னா அது பழையபடி எறங்கிப் போயிரும், எனக்குத் தெரியும். எட்டுப் பாகம் எனக்கு ஆகாதுக்கா. இந்த வருசந்தான் நான் மேல வந்து சிரிச்சிருக்கேன்."

"தெரியும் லாசரு. கரையில நின்னு பாத்திருக்கேன்."

"மூணு பொட்டப்பிள்ளையள வச்சிருக்கேன்."

"அங்க வாறது எம் புருசன்" என்றாள் கித்தேரி. "கூடப் பதினோரு பேரு. அவியளுக்கும் பிள்ளைய இருக்கு."

லாசர் திரும்பிக் கடலைப் பார்த்தான். தோணி திட்டுக்கு நான்கு கூப்பிடு தூரத்தில் இருந்தது; பாய் இழுக்கிறவன்கூடத் தெரிந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு விலகினான். அவன் அழுதான், அதை நாங்கள் பார்த்தோம், இந்தமுறை வேறெங்கும் பார்க்கத் தோன்றவில்லை.

கித்தேரி பாலத்து முனைக்குப் போய், இடது சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டினாள். இரண்டு கையையும் விரித்தாள். வலது கை நேராக நின்றது, இடது கை பாதியில் மடிந்து நின்றது. கடலைப் பார்த்து, கடைக்காரியின் குரலில், எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எம் பாகம் ஒரு சாண் குறைச்சல். ஐப்பசியில விழுந்தேன், மார்கழியில இருந்து குறைச்சலாத்தான் அளக்கேன். தெரியாம இல்ல, தெரிஞ்சேதான் அளந்தேன். பழைய கயிறெல்லாம் சரி, நான் போட்ட முடிச்செல்லாம் தப்பு."

கஸ்பார் கையிலிருந்த கயிறு வெடுக்கென்று இழுபட்டது. குண்டு தரையைத் தேடிக் கீழே போய்க்கொண்டே இருந்தது. நான்காவது முடிச்சு தண்ணீருக்குள் மறைந்து, பின்னால் கொஞ்சம் வெறும் கயிறு போய், அதற்கும் பின்னால் கொஞ்சம் போய் நின்றது. சத்தம் ஒன்றும் இல்லை. பாலத்துப் பாசிக்கோட்டில் தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது. சலேத் மாதா திட்டின்மேல் ஏறி, இரண்டு அலைக்கு நடுவில் ஒருமுறை தயங்கி, அடியில் ஒரே ஒரு சாண் தண்ணீரை மிச்சம் வைத்துக்கொண்டு உள்ளே வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்பீர்கள். குளியாட்கள் ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை; அவர்களைக் குறை சொல்ல முடியாது. லாசர் மறுபடி இறங்கவில்லை. கஸ்பார் அவனைக் கடைக்கு எடுத்துக்கொண்டார், நீளக் கைக்காரன், பழைய ஒரு பாகக் கயிற்றைவிட நான்கு விரல் கூடுதல். நான்கு விரல் உள்ளே தள்ளிப் பிடிக்கக் கித்தேரி அவனுக்குப் பழக்கிக்கொடுத்தாள். அவன் அளந்த கயிற்றைப் பாலத்தில் இறக்கிப் பார்ப்பது மட்டும் அவள் வேலையாயிற்று. லாசருக்காகக் கடல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவன் தப்பாக அளந்த நாளில் தப்பாகவே காட்டும், மறுபடி அளப்பான். தோணிகள் ஆயிரம் மூட்டை ஏற்றிக்கொண்டு போயின. வெங்காயத்திடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

இதெல்லாம் பின்னால். அன்றைக்கு எஸ்தாக்கி பாலத்தில் ஏறி வந்தபோது கித்தேரி சட்டைக்கையை இறக்கிவிட மறந்து முனையிலேயே நின்றிருந்தாள். ஊர் திரண்டு நிற்பது எதற்கென்று தெரியாமல் எங்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான், எட்டு மாதத் தாடி, தோளில் ஒரு கொழும்புப் பெட்டி. கிட்ட வந்ததும் அவன் கண் நேராக அவளுடைய இடது கைக்குப் போயிற்று. எங்கள் ஊரின் புதுப் பழக்கம் அவனுக்குத் தெரியாதே. பெட்டியைக் கீழே வைத்தான்.

"என்னட்டி இது? எப்பம் விழுந்த?"

"ஐப்பசியில."

அந்தக் கையை எடுத்து, எலும்பு கூடியிருந்த மேட்டைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தான். பெரிய பெரிய கயிறு பிடித்துக் காய்த்துப்போன விரல்.

"ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டான்.

ஐந்து மாதம் கடல் அவளுக்காகச் சுருங்கிக் கிடந்தது, நாங்கள் கண்ணைத் திருப்பித் திருப்பிக் கழுத்து நொந்தோம், வடக்கத்தி வியாபாரிக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். இந்த ஒரு கேள்வியை நாங்கள் ஒருவரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. சுட்டுவிட்டது எங்களுக்கு. கித்தேரி நின்ற இடத்திலேயே பாலத்துப் பலகைமேல் உட்கார்ந்தாள், அவனும் கையை விடாமல் கூட உட்கார்ந்தான்.

"இன்னும் வலிக்கி" என்றாள்.